எருமைகள் வெளியேறிய பிறகு

பரத்பூரில் குளிர்காலப் பனி விலகும் முன்பே சைக்கிள் ரிக்‌ஷாக்கள் கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசலில் வரிசைகட்டி நின்றுவிடுகின்றன. ஓட்டுபவர்கள் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர்கள். கருவேல மரப் பொந்தில் கண்மூடிக் கிடக்கும் ஆந்தையை மிதித்துக்கொண்டே காட்டிவிடுவார்கள். கழுத்தில் விலையுயர்ந்த பைனாகுலரைத் தொங்கவிட்டிருப்பவருக்கு அது தட்டுப்பட மேலும் ஐந்து நிமிடமாவது ஆகும்.

ஆனாலும் இறங்கி நடப்பதுதான் மேல். நடைபாதைகளில் பல உண்மையில் கரைகள். இருபுறமும் தண்ணீர், ஆங்காங்கே மதகுகள். 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்கா இயற்கை தானாகக் கொடுத்ததல்ல. பள்ளமான நிலத்தில் அஜான் அணை நீரைத் திருப்பி, பரத்பூர் மன்னர்கள் வாத்து வேட்டைக்கென்று வளர்த்த நீர்நிலை. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த அன்று ஒரே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்ட பறவைகள் 4,273. இந்தக் கணக்கைப் பெருமையோடு பொறித்த கல், சிவன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது! பூங்காவுக்குப் பெயர் தந்ததும் அந்தக் கோயில்தான்.

வேட்டை ஓய்ந்தது. அடுத்த துப்பாக்கிச் சத்தம் 1982இல். தேசியப் பூங்காவில் கால்நடை மேயக் கூடாது என்று தடை வந்தது. தலைமுறை தலைமுறையாக எருமைகளை ஓட்டிவந்த கிராமத்தவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர்.

எருமை போனால் பறவை பெருகும் என்று நம்பியவர்களுக்குக் காத்திருந்தது ஏமாற்றம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விஞ்ஞானிகள் அந்தப் பத்தாண்டு முழுக்க அங்கே ஆய்வு செய்தார்கள். மேய ஆளில்லாத நீர்ப்புல் அடர்ந்து தண்ணீரை மூடியதும், மீனும் வாத்துகளும் குறைந்ததும் தெரியவந்தது. எருமை இத்தனை காலமும் சம்பளமில்லாத தோட்டக்காரனாக இருந்திருக்கிறது. பின்னர் கிராமத்தவர்கள் உள்ளே வந்து புல் அறுத்துப்போக அனுமதி கிடைத்தது. இறந்தவர்களின் வீடுகளுக்கு இந்த ஞானோதயம் எப்படிப்பட்டிருக்கும்?

தண்ணீர்ச் சண்டையோ இன்னும் சிக்கலானது. கம்பீர் நதியில் மேலே பாஞ்சனா அணை வந்துவிட்டது. 2004இல் அங்கிருந்து தண்ணீர் திறக்க விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வயலும் காய்கிறது, பறவையும் காத்திருக்கிறது. யார் பக்கம் பேசுவது? கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பலிலிருந்தும் நீர் கொண்டுவரும் ஏற்பாடுகள் பிறகு வந்தவை.

1960களில் ஏறக்குறைய 200 சைபீரியக் கொக்குகள் இங்கே குளிர்காலத்தைக் கழித்தன. வலசைப் பாதையில் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வேட்டைக்குப் பலியாகிக் குறைந்துகொண்டே வந்தன. 2002க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. வெள்ளைக் கொக்கு எங்கே என்று யாராவது கேட்டால், ரிக்‌ஷாக்காரர் கையை நீட்டி, வயலோரம் ஜோடியாக நிற்கும் சாரஸ் கொக்குகளைக் காட்டுகிறார்.