இராயபுரம் கற்பிக்கும் பாடம்

பொத்தேரியில் மின்வண்டி ஏறும் நம்மில் எத்தனை பேர், தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இடத்தைக் கண்டிருக்கிறோம்? கடற்கரையில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் அடுத்த நிலையமே இராயபுரம்!

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு அந்நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1ஆம் நாள் அங்கிருந்து வாலாஜா ரோடுக்கு, ஏறத்தாழ 100 கி.மீ. தூரம், பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1853இல், பம்பாயில் இரயில் ஓடியதுண்டு. ஆனால் அங்கு எழுந்த ஆதி நிலையம் இன்றில்லை. எஞ்சியிருப்பவற்றுள் நாட்டிலேயே மூத்தது இராயபுரக் கட்டடம்தான்.

பின்னர் 1873இல் சென்ட்ரலும் 1908இல் எழும்பூரும் எழுந்தன; இராயபுரத்தின் செல்வாக்கு மங்கியது. பழுதடைந்த அக்கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது. மகிழ்ச்சியே! ஆயினும், புதுப்பித்தல் என்பது வெள்ளையடித்து விழா எடுப்பதோடு முடிந்துவிடுமா?

வேதியியல் நமக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுகிறது. சுவரின் ஈரத்தையும் வெளியே விடுகிறது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். எனவே பழைய சுவருக்குப் பழைய சாந்தே மருந்து.

அதுவும் பாதி மருந்துதான். மறுபாதி, மக்கள் நடமாட்டம். ஆளில்லா மண்டபத்தில் ஒழுகும் கூரையை யார் கவனிப்பார்? அங்கே பயணிகள் அமரட்டும்; ஒரு பகுதியில் இரயில்வே வரலாற்றுக் கண்காட்சியும் நூலகமும் அமையட்டும். ‘பழங்கட்டடத்துக்கு எதற்குப் பணம்? புது நடைமேடை போடலாமே!’ என்பார் சிலர். நடைமேடையும் வேண்டும்தான். ஆனால் ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிட வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது மாதாந்திரப் பயணச்சீட்டு. இரயில் நிலையம் எனக்குக் கல்விச்சாலையின் முதல் வாசல். அந்த வாசல்களுக்கெல்லாம் மூத்த வாசல் இராயபுரம்.

நண்பர்களே! இந்த ஆண்டுச் சுற்றுலாவை ஒருமுறை அங்கிருந்து தொடங்குவோமா? பார்க்க ஆள் வந்தால்தான் காக்கவும் ஆள் வரும்!