திருவிழா ஒலிபெருக்கியில் ஏற வேண்டிய பாடல்கள் எவை?

ஆலயத்தில் கொடி ஏறுவதற்கு முன்பே ஏறிவிடுவது ஒலிபெருக்கி. பந்தக்கால் நடுவதற்கு நல்ல நாள் பார்க்கிறார்கள். எந்த நாள் உபயம் எந்தக் குடும்பத்திற்கு, அன்னதானத்திற்கு எத்தனை மூட்டை அரிசி, சுவாமி புறப்பாட்டிற்கு எந்த நிறத்தில் மாலை என்பனவற்றை எல்லாம் நிர்வாகத்தினர் பல கூட்டங்கள் கூடிப் பேசி முடிக்கிறார்கள். ஆனால் பத்து நாளும் காலை முதல் இரவு வரை பக்தர்களின் செவியில் விழப்போவது எது என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை. அது ஒலிபெருக்கி கொண்டுவரும் இளைஞரின் பொறுப்பு. அவருடைய கைப்பேசியில் எது இருக்கிறதோ அதுவே அவ்வாண்டுத் திருவிழாவின் இசை. பூவுக்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையேனும் பாட்டுக்குக் காட்டக் கூடாதா என்பதே இங்கு எழும் கேள்வி.

கூலாய் போன்ற ஊர்களில் பக்தி இசையில் தோய்ந்த ரசிகர் ஒருவரேனும் இருக்கவே செய்வார். ரப்பர்த் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, தோட்டத்துக் கோயிலில் இசைத்தட்டு சுழன்ற காலத்தைக் கண்டு, செம்பனை வந்தபின் தாமான் வீட்டிற்குக் குடிபெயர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். இசைத்தட்டு, ஒலிநாடா, குறுவட்டு, கைப்பேசி என நான்கு யுகங்களையும் அவருடைய செவிகள் பார்த்துவிட்டன. அத்தகையவரை அழைத்து, இவ்வாண்டில் கேட்டவற்றுள் மனத்திற்கு உகந்த தொகுப்புகளை வரிசைப்படுத்துங்கள் என்றால், பட்டியலில் இவ்வாண்டு வெளிவந்தவை எத்தனை இருக்கும்? ஒன்றுகூட இராமற்போகலாம். அதற்காக அவரைப் பழமை விரும்பி என்று ஒதுக்கிவிட இயலாது. பக்தி இசையில் ஒரு தொகுப்பின் வயது அது பதிவான நாளிலிருந்து தொடங்குவதில்லை. கேட்கும் ஒவ்வொரு விடியலிலும் அது புதிதாகிறது.

சான்றாக, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம். எச்.எம்.வி. நிறுவனம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டு அது. பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவை உலகிற்கு அறிமுகம் செய்ததும் அதே 1963இல்தான். இசைத்தட்டாகப் பிறந்த அப்பதிவு, தன் வயதை ஒத்த ஒலிநாடாவையே இல்லந்தோறும் செல்லும் வாகனமாக்கிக் கொண்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய அத்துதி சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என நான்கு பகுதிகளும் எழுபது சுலோகங்களும் கொண்டது. முதற் சுலோகம் வால்மீகி இராமாயணத்தில் விசுவாமித்திரர் இராமனைத் துயில் எழுப்பும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்பதிவின் உரிமத் தொகையை அம்மையார் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே அளித்துவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் 2004ஆம் ஆண்டு மறைந்த பின்னரும் அக்குரல் நாள்தோறும் பெருமாளைத் துயில் எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆயினும் இத்தகைய தொகுப்பையும் தவறாகப் பயன்படுத்த முடியும். மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றும் நேரத்தில் சுப்ரபாதம் முழங்கும் ஆலயங்கள் உள்ளன. துயில் எழுப்பும் பாட்டை உறங்கப்போகும் நேரத்தில் பாடினால் பெருமாள் என்ன நினைப்பார் என்று வேடிக்கையாகக் கேட்கலாம். உண்மையில் அது வேடிக்கை அன்று. பொருளறியாமல் ஒலிக்கப்படும் பாட்டு வெறும் ஓசையாகிவிடுகிறது. பாட்டு ஒலிக்கிறது, ஆகவே கோயிலில் விழா நடக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கும் வேலையை மட்டுமே அது செய்கிறது. அதற்கு ஒரு மணி போதும்.

கந்த சஷ்டி கவசத்தின் நிலை வேறு. தேவராய சுவாமிகள் ஆறுபடை வீடுகளுக்குமாக ஆறு கவசங்கள் இயற்றியிருக்க, உலகெங்கும் ஒலிப்பது திருச்செந்தூருக்குரிய கவசமே. அதனை அவ்வாறு உலகறியச் செய்தவர்கள் சூலமங்கலம் சகோதரிகளான ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும். ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் அந்த இராகமாலிகை, நெட்டிசைத்தட்டின் ஒரு பக்கத்திற்குள் அளவெடுத்தாற்போல் அடங்கும். அதற்கு முந்திய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்றரை நிமிடத்திற்கு மேல் இடமில்லை. அத்தட்டில் கவசத்தை ஏற்றியிருந்தால் பாடலைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்க முடியும். 1948இல் அமெரிக்காவில் வெளிவந்த நெட்டிசைத்தட்டு, பாராயணத்தை முழுமையாகக் கேட்கும் வாய்ப்பைத் தமிழ்ப் பக்தனுக்கும் கொடுத்தது. இன்று மலேசியாவில் கவசத்தை மனப்பாடமாகச் சொல்லும் பலர் அதனை நூலைப் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். அச்சகோதரிகளின் குரலோடு சேர்ந்து சொல்லிச் சொல்லியே கற்றவர்கள். தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளும் இவ்வகையில் கவசம் அறிந்திருக்கிறார்கள். ஓர் இசைப்பதிவு ஆசிரியராகவும் பணியாற்ற இயலும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை. எந்தப் பட்டியலாயினும் முதலிடம் இதற்கே தரத் தகும்.

டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்களை விட்டுவிட்டுப் பட்டியல் போட எவருக்கும் மனம் வராது. திரைப்படத்தில் நாயகர்களுக்குக் குரல் கொடுத்தவர், 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'அருணகிரிநாதர்' படத்தில் தாமே அருணகிரியாராக நடித்தார். திரைக்கு வெளியே அவர் பாடிய முருகன் பாடல்களில் ஒரு தனி உரிமை தெரிகிறது. கேட்டுப் பெறும் பக்தனின் குரல் அல்ல அது. வீட்டுப் பெரியவரிடம் வழக்குப் பேசும் பிள்ளையின் குரல். 2013இல் அவர் மறைந்தபோது அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு நெருங்கிய உறவினர் ஒருவரை இழந்த உணர்வே ஏற்பட்டது.

1988இல் மறைந்த சீர்காழி கோவிந்தராஜனின் பதிவுகளுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. தோட்டத்துக் கோயில்களில் மரத்தின் மேல் கட்டப்பட்டது கூம்பு வடிவ ஒலிபெருக்கி. அதன் இயல்பு, தாழ்ந்த ஒலியை விழுங்கிவிட்டு நடுத்தர, உயர்ந்த ஒலியை மட்டும் தொலைவுக்குத் தள்ளுவது. தம்புராவின் நாதமும் மிருதங்கத்தின் தொப்பியும் அதில் காணாமற்போய்விடும். மென்மையான குரல்கள் கரகரத்துப் போகும். சீர்காழியாரின் வெண்கலக் குரலோ அக்கூம்பின் வழியாகவும் ஓர் எழுத்துகூடச் சிதையாமல் பால்மரங்களைத் தாண்டிச் சென்றது. அபிராமி அந்தாதியை அவர் குரலில் கேட்டவர்கள் உச்சரிப்பு என்பது என்ன என்பதை அறிவார்கள். எந்த ஒலிபெருக்கிக்கு எந்தக் குரல் பொருந்தும் என்பதும் திருவிழா நிர்வாகத்தில் ஓர் அங்கமே என்பதை இன்றைய நிர்வாகத்தினர் மறந்துவிட்டனர்.

எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் என்றதும் தூய இசையை விரும்பும் ரசிகர் சற்றே முகம் சுளிப்பார். தாளம் மிகுதி, அடக்கம் குறைவு என்பது அவர் வாதம். இவ்விடத்தில் அவர் கருத்தை ஏற்பதற்கில்லை. மாரியம்மன் திருவிழா சபாவில் நடக்கும் கச்சேரி அன்று. தீச்சட்டியும் பால்குடமும் ஏந்தி வெயிலில் நடந்து வருபவருக்குக் கால் தளரும் நேரத்தில் தேவைப்படுவது ஆலாபனை அல்ல. பம்பையும் உடுக்கையும் உறுமியும் எதற்காகக் கோயிலுக்கு வந்தனவோ அதே வேலையைத்தான் அப்பாடல்களும் செய்கின்றன. ஆடி மாதத்தில் அக்குரல் கேட்காவிட்டால் ஆடி வந்ததாகவே தாய்மார்களுக்குத் தோன்றாது. பதிவு எந்த இடத்திற்கு உரியதோ அந்த இடத்தில் வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

புதியவற்றை வேண்டாம் என்பதும் நியாயமாகாது. இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுப்பு 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, மாணிக்கவாசகரின் வாக்கு மேலை நாட்டு இசையில் ஏறியது. 1900ஆம் ஆண்டு திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட ஜி.யு. போப் இதனைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஓதுவார் மரபில் ஊறியவர்கள் சிலருக்கு அது உவப்பாக இல்லை. அதற்கும் காரணம் உண்டு. ஆனால் கூலாயிலோ செனாயிலோ வளரும் ஒரு மாணவன், திருவாசகம் என்று ஒன்று உண்டு என்பதை அத்தொகுப்பின் வழியே முதன்முதலில் அறிந்திருப்பானேயானால், அது செய்த தொண்டு சிறிதன்று. இது ஒலிபெருக்கிக்கு உரியதன்று; வீட்டில் அமைதியாக இருந்து கேட்க வேண்டியது.

தள்ள வேண்டியவை வேறு. வெற்றிபெற்ற திரைப்பாடலின் மெட்டை அப்படியே எடுத்து, காதலியின் பெயர் இருந்த இடத்தில் அம்மனின் பெயரை வைத்து, மின்விசைப் பலகையில் இரண்டு மணி நேரத்தில் செய்து முடிக்கப்படும் தொகுப்புகள் ஆண்டுதோறும் வந்து குவிகின்றன. கேட்பவர் மனத்தில் தோன்றுவது அம்மனா, அத்திரைப்படத்தின் நாயகியா? இத்தொகுப்புகளுக்கு ஆலயத்தில் இடம் தருவதைக் காட்டிலும் ஒலிபெருக்கியை அணைத்து வைப்பது மேல்.

இவையனைத்திற்கும் மேலாக ஒரு தொகுப்பைக் குறிப்பிட வேண்டும். தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய திருமுறைப் பதிவுகள் அவை. பன்னிரு திருமுறைகளில் முதல் ஏழும் மூவர் பாடிய தேவாரம். அவற்றைப் பண் வழுவாமல் பாடும் ஓதுவாமூர்த்திகள் மலேசியாவில் எத்தனை ஆலயங்களில் இருக்கிறார்கள்? பெரும்பாலான சிற்றூர் ஆலயங்களில் இல்லை என்பதே விடை. ஓதுவார் இல்லாத ஊருக்கு ஓதுவாராக நின்று பண் கற்பிப்பவை இப்பதிவுகளே. ஆயினும் திருவிழா ஒலிபெருக்கிகளில் மிகக் குறைவாகக் கேட்பதும் இவையே. கூட்டம் கேட்காது என்பது நிர்வாகத்தினரின் அச்சம். விடியற்காலையில் கூட்டம் எங்கே இருக்கிறது? அந்த ஒரு மணி நேரத்தையேனும் தேவாரத்திற்கு ஒதுக்கினால் எவருக்கு இழப்பு?

பதிவுகளைப் பற்றி இவ்வளவு பேசும்போது பதிவுகள் அழித்தவற்றையும் கூறியாக வேண்டும். தீபாராதனை வேளையில் மின்விசையால் தானே முழங்கும் மேளமும் மணியும் பல ஆலயங்களுக்கு வந்துவிட்டன. தவில்காரர் இருந்த இடத்தில் ஓர் இயந்திரம் நிற்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைச் சிலாகித்துப் பேசும் ரசிகர்கள், அந்த நாதசுரம் ஆலய வீதியில் இரவெல்லாம் வாசித்து வாசித்து வளர்ந்த கலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வாசிக்க வீதியில்லாமல் போனால் பதிவு செய்வதற்கு எங்கிருந்து தோடி வரும்?

பாலத்திற்கு அப்பால் நடந்ததை ஜொகூர் மக்கள் நன்கறிவர். சிங்கப்பூரில் தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை வந்தது. 2016ஆம் ஆண்டு பாதையில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே, காவடியின் முன் மேளம் கேட்க வேண்டுமென்றால் மலேசியாவுக்கு வரவேண்டும் என்று வளர்ந்தது. அங்கே சட்டம் தடுத்தது. இங்கே எந்தச் சட்டமும் தடுக்காமலே, செலவைக் காரணம் காட்டித் தவிலையும் நாதசுரத்தையும் நிறுத்தி வருகிறார்கள்.

கூலாயில் ஆலயத்தின் அண்டை வீட்டார் அனைவரும் தமிழரும் அல்லர். சீனரும் மலாய்க்காரரும் நெருங்கி வாழும் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியை உச்சத்தில் வைப்பது பக்தியைப் பரப்பும் வழியாகாது, மனத்தாங்கலைத்தான் பரப்பும். கோயில் வளாகத்திற்குள் கேட்கும் அளவு போதும். மெல்ல ஒலிக்கும்போதுதான் சொல் விளங்கும். சொல் விளங்கினால்தான் அது துதி.

ஆகவே திருவிழா உபயங்களின் பட்டியலில் இசை உபயம் என்று ஒன்றையும் சேர்க்கலாம். பூ உபயம், பால் உபயம், அன்னதான உபயம் என்று முன்வரும் குடும்பங்களில் ஒன்று, ஒரு நாளைக்காவது நாதசுர, தவில் கலைஞர்களை அழைக்கும் செலவை ஏற்கட்டும். மற்றொரு குடும்பம், திருட்டுப் பிரதியாக எவரோ அனுப்பிய பாடல்களை விடுத்து, முறைப்படி விலைகொடுத்து வாங்கிய நல்ல தொகுப்புகளை ஆலயத்திற்கு அளிக்கட்டும். ஒலிநாடாக் காலத்திலேயே திருட்டுப் பிரதிகளால் பாடியவருக்கும் இயற்றியவருக்கும் சேர வேண்டியது சேராமல் போயிற்று. சாமிக்குப் படைக்கும் பழத்தைத் திருடிக் கொண்டுவந்து படைக்க எவரும் துணிவதில்லை. பாட்டை மட்டும் தயங்காமல் படைக்கிறார்கள். காலையில் எது, உச்சிக்காலத்தில் எது, புறப்பாட்டின்போது எது என்று ஒரு தாளில் எழுதி, ஊரில் உள்ள அந்த மூத்த ரசிகரிடம் ஒரு முறை காட்டி, கொடியேற்றத்திற்கு முந்திய நாளே ஒலிபெருக்கி இளைஞரின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் மறுக்கப்போவதில்லை. இதுவரை அவரிடம் எவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.