மருந்தும் மானியமும்

2018 ஏப்ரலில் திருவிடந்தை ராணுவக் கண்காட்சியில் 'ஐடெக்ஸ்' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. படைகள் தம் தேவையைச் சவாலாக அறிவிக்கும். அதை நிறைவேற்ற முன்வரும் சிறு நிறுவனத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம். செலவில் மறுபாதி நிறுவனத்துடையது. நல்ல ஏற்பாடுதான். ஆராய்ச்சியின் நட்டத்தைச் சிறு முதலாளி தனியே சுமக்க முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அந்த நியாயம் ஆமத்தூருக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை? இவ்வட்டாரத்திலும் கையாளப்படுவது வெடிமருந்துதான். 2012இல் முதலிப்பட்டியில் 35க்கும் மேற்பட்டோர், 2021இல் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் வருவன கைதும் நிவாரணக் காசோலையும்தான். அரசின் ஆராய்ச்சி இப்பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், நீரி நிறுவனம் பசுமைப் பட்டாசை உருவாக்கித் தந்தது. ஆனால் அது நகரத்துக் காற்றைப் பற்றிய கவலை. மருந்து கலக்கும் கையைப் பற்றியதன்று.

தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களோடு விருதுநகரையும் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகும் விலையில், தொலைவிலிருந்தே மருந்து கலக்கவும் அடைக்கவும் ஓர் எந்திரம்: இதையும் ஒரு சவாலாக அறிவியுங்கள். எல்லை வானில் ஆளில்லா விமானம் பறக்கப் பணம் தரும் அரசு, கலவை அறையை ஆளில்லா அறையாக்கவும் தரட்டும்.