இரு கோட்பாடுகள் இணைய வேண்டுமா?

இருபதாம் நூற்றாண்டு மனித குலத்திற்கு இரு பெரும் இயற்பியல் கோட்பாடுகளை வழங்கியது. ஒன்று, 1915ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் உருவாக்கிய பொதுச் சார்பியல் கோட்பாடு. நிறையுள்ள பொருள்கள் காலவெளியை வளைப்பதே ஈர்ப்பு என்று அது விளக்குகிறது. மற்றொன்று, அணுவையும் அதனினும் சிறிய துகள்களையும் ஆராயும் குவாண்டம் இயற்பியல். இவ்விரண்டையும் இணைக்கத்தான் வேண்டுமா என்பது அறிவியலாளர்களிடையே நெடுநாளாக நிலவும் கேள்வியாகும்.

தேவையில்லை என்போரின் காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் புவியில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவினாடி முந்தி ஓடக்கூடியவை. சார்பியலைக் கொண்டு அதனைச் சரிசெய்வதால்தான் கைத்தொலைபேசி நமக்குச் சரியான வழியைக் காட்டுகிறது. அதே கைத்தொலைபேசியின் சில்லு குவாண்டம் இயற்பியலின் துணையால் உருவானது. இரு கோட்பாடுகளும் தத்தம் பணியைச் செவ்வனே செய்யும்போது அவற்றை ஏன் இணைக்க வேண்டும் என்று அவர்கள் வினவுகின்றனர். மேலும், ஈர்ப்பின் மிகச் சிறிய கூறாகக் கருதப்படும் கிராவிட்டானைத் தனியாகக் கண்டறிய இயலுமா என்றே இயற்பியலாளர் ஃபிரீமன் டைசன் ஐயுற்றார்.

ஆயினும், இரு கோட்பாடுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் உள்ளன. குவாண்டம் இயற்பியலின்படி, ஒரு துகள் ஒரே நேரத்தில் ஈரிடங்களில் இருப்பது போன்ற நிலையில் இருக்கலாம். அத்துகளுக்கு நிறை உண்டு. எனவே ஈர்ப்பும் உண்டு. அப்படியானால், அந்த ஈர்ப்பு எவ்விடத்தை நோக்கி இழுக்கும்? இத்தகைய கேள்வியை ரிச்சர்ட் ஃபைன்மன் 1957ஆம் ஆண்டிலேயே ஒரு மாநாட்டில் எழுப்பினார். இரு கோட்பாடுகளையும் தனித்தனியே வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. கருந்துளையின் மையத்திலும் இதே சிக்கல்தான். அங்கே சார்பியல் கணக்கு முடிவிலியில் போய் நிற்கிறது. கோட்பாடு தன் எல்லையை எட்டிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறியாகும்.

கோட்பாடுகளைச் சேர்த்துப் பார்ப்பதன் பயனை வரலாறு காட்டுகிறது. 1930ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்ற 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களைப் பற்றிய கணக்கில் குவாண்டம் இயற்பியலையும் சிறப்புச் சார்பியலையும் ஒருசேரப் பயன்படுத்தினார். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதனால் தெரிய வந்தது. இன்று அவ்வெல்லை சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எனக் கணக்கிடப்படுகிறது. 1983ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆகவே, இணைப்பு தேவையே. ஆனால், அது எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதைக் கணக்கின் அழகைக் கொண்டு முடிவுசெய்துவிடக் கூடாது. ஈர்ப்பைக் குவாண்டம் விதிக்கு உட்படுத்துவதா, குவாண்டம் விதிகளையே திருத்துவதா என்பதைச் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் வியன்னா ஆய்வாளர்கள், ஏறத்தாழ 90 மில்லிகிராம் நிறையுள்ள தங்க உருண்டைகளுக்கு இடையிலான ஈர்ப்பை அளந்து காட்டினர். குவாண்டம் உலகை எட்ட இன்னும் மிகச் சிறிய பொருள்களை அளக்க வேண்டும். பாதை நீண்டதாயினும், இயற்கை ஒன்றே என்பதால் அதனை விளக்கும் விதிகளும் தமக்குள் முரண்படாதிருக்க வேண்டும். அவ்விதிகளைத் தேடுவது அறிவியலின் கடமையாகும்.