ரோட்டரி எஞ்சினும் மைலேஜ் கணக்கும்
மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் காரின் மைலேஜைக் கூட்ட விதவிதமான உதிரிபாகங்களை வாங்கி மாட்டுவது வீண் செலவு. குறை அதன் ரோட்டரி எஞ்சினின் வடிவத்திலேயே இருக்கிறது. முக்கோண ரோட்டர் சுழலும்போது எரிகலம் நீண்டு தட்டையாகிறது. வெப்பம் சுவர்களில் வீணாகிறது, ஓரத்துப் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. இந்தக் காரின் ரெனிசிஸ் எஞ்சினில் புகை வெளியேறும் துளைகளைப் பக்கச் சுவருக்கு மாற்றியதால் சிக்கனம் கூடியதே என்று கேட்கலாம். உண்மைதான்; ஆனால் அது தொழிற்சாலையில் நடந்த மறுவடிவமைப்பு.

உரிமையாளரால் முடிந்தது, இழந்ததை மீட்பது மட்டுமே: பலவீனமான இக்னிஷன் காயில், தேய்ந்த ஸ்பார்க் பிளக், டயர் காற்று ஆகியவற்றைக் கவனிப்பது. மெதுவாகவே ஓட்டினால் போதாதா? நிதானம் உதவும், ஆனால் எந்நேரமும் குறைந்த சுழற்சியில் ஓட்டினால் உள்ளே கரி படியும். 2023இல் மாஸ்டாவே எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரியைச் சக்கரத்தோடு இணைக்காமல் மின்சாரம் தயாரிக்க வைத்தது. தயாரித்தவரே ரோட்டரியின் வேலையை மாற்றிய பிறகு, பராமரிப்புக்கு மேல் செலவழிப்பதில் பயனில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.