துடைப்பதற்கு இரண்டு பெயர்கள்

பழைய காரை ஓர் ஆண் துடைத்து மெருகேற்றினால் அதற்கு ‘ரெஸ்டோரேஷன்’ என்று பெயர். பெண் நாள் முழுக்க வீட்டைத் துடைத்தால் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்கிறார்கள். இரண்டுக்கும் தேவைப்படும் அறிவு ஒன்றே என்கிறேன். எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினியை நானே மெருகேற்றிய பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

அப்பா இறந்தபின் எட்டு வருடம் வேப்பமரத்தடியில் கிடந்த கார் அது. வெயிலில் நீலப் பெயின்ட் சுண்ணாம்பு பூத்துக் கிடந்தது. அதன்மேல் உலர்ந்த துணியை வைத்தால் மண்துகளே கீறிவிடும். முதலில் தண்ணீரை ஊற்றி அழுக்கை ஊறவிட வேண்டும். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொன்று. கீழே விழுந்த துணியை மறுபடி காரில் வைக்கக் கூடாது. காம்பவுண்டை நிழலில், கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பார்த்த பிறகே பானெட்டுக்கு வர வேண்டும். அந்தக் காலப் பெயின்டுக்கு மேலே ‘கிளியர் கோட்’ கிடையாது. அதனால் துணியில் நீலம் ஒட்டும். தேய்க்கத் தேய்க்கப் பெயின்ட் மெலியும். விளிம்புகளில் அது ஏற்கெனவே மெலிது, அங்கே கை லேசாக ஓட வேண்டும். கடைசியில் வேக்ஸ். குரோமியம் பம்பரின் துருப்புள்ளிகளுக்கு, தண்ணீரில் நனைத்துக் கசக்கிய அலுமினியத் தாளே போதும்.

இதில் எது நமக்குப் புதிது? பட்டுப்புடவையில் கறை பட்டால் முந்தியிலா முதலில் சோதிக்கிறோம்? முலாம் பூசிய விளக்கை எவ்வளவு அழுத்தலாம், பித்தளைக்குப் புளி எவ்வளவு நேரம் என்று நம் அம்மாக்களின் விரல்களுக்குத் தெரியும். சான்றிதழ் இல்லாமல் கைமாறி வந்த அறிவு இது. ஆனால் பாலிஷ் வாங்கப் போனபோது கடைக்காரர் என்னிடம் கேட்டார்: “சாருக்கா மேடம்? அவரையே வரச் சொல்லுங்க.” வண்டி பளபளத்த பிறகு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது, “எந்த ஒர்க்‌ஷாப்?”

“அது பொழுதுபோக்கு, ஆசைக்குச் செய்வது” என்பார்கள். விஷயமே அதுதான். பிடிக்காத ஞாயிற்றுக்கிழமை அவர் துணியைப் போட்டுவிட்டுப் போகலாம். பாத்திரத்தை அப்படிப் போட்டுவிட்டுப் போக நம்மால் முடியுமா? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம்.

பொருள் கார் என்பதால் மரியாதை வருகிறது என்றும் நினைக்காதீர்கள். அடுக்ககங்களில் விடிவதற்குள் வரிசையாகக் கார் துடைப்பவர்களை யாரும் கலைஞர் என்பதில்லை; மாதம் சில நூறு ரூபாயோடு சரி. உரிமையாளர் துடைத்தால் ரசனை, தொழிலாளி துடைத்தால் கூலி, மனைவி துடைத்தால் கடமை.

காரைத் துடைக்கும் கருவியின் கதையும் இதேதான். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்கு அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்றார். வணிக மதிப்பில்லை என்று நிறுவனத்தார் தட்டிக் கழித்தார்கள். காப்புரிமை காலாவதியானது, பிறகு வைப்பர் இல்லாத காரே இல்லை என்றானது. அவருக்கு அதிலிருந்து பணம் வரவில்லை.

எங்கள் காருக்கோ சித்தூர் ராணியின் பெயர். கதையில் தீக்குளித்துக் ‘கற்பைக்’ காத்தவள். பெண்ணின் பெயரை வண்டிக்கு வைப்பார்கள், “அவளை எப்படி வச்சிருக்கேன் பாருங்க” என்று தடவிக் காட்டுவார்கள். வீட்டில் இருப்பவளின் வெடித்த கைகளுக்கு ஒரு களிம்பு வாங்கித் தரத் தோன்றாது.

பெண்களும் கார் பாலிஷ் போட்டுப் பெயர் வாங்கட்டும் என்று இத்தோடு முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. காம்பவுண்டைப் பொறுமையாகத் தேய்க்கத் தெரிந்த கைக்கு அடிப்பிடித்த குக்கரையும் தேய்க்கத் தெரியும். உங்கள் வீட்டு ஆண்களிடம் அதை இன்றே கொடுங்கள். கார் துடைக்க வருபவருக்கு நியாயமான கூலி கேளுங்கள். “அம்மா என்ன செய்கிறார்?” என்ற படிவக் கட்டத்தில் ‘வேலை இல்லை’ என்று இனி எழுதாதீர்கள்.