இரண்டாவது தொழிலுக்கு உதவித்தொகை கிடையாதாம்

மருத்துவமனை வார்டில் பெண் செவிலியர் 'சிஸ்டர்', ஆண் செவிலியர் 'பிரதர்'. பொறியியல் முடித்து, டெலிவரி வேலையிலோ கால் சென்டரிலோ சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு, முப்பதை நெருங்கும்போது நர்சிங் படித்து 'பிரதர்' ஆகலாமா என்று யோசிக்கிற இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஜெர்மனிக் கனவும் அதில் ஒரு பங்கு. ஜெர்மனியின் வேலைவாய்ப்பு முகமையோடு கேரள அரசின் நோர்க்கா 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஜெர்மன் மொழி வகுப்பு பற்றிப் பேசாத நர்சிங் மாணவர் குறைவு.

இதை 'ஆண்கள் உடைக்கும் புதிய தடை' என்று கொண்டாடுகிறார்கள். ஆண்கள் நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பது நம் ஊரில் என்றைக்குப் புதிதாக இருந்தது? பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பழுத்த கட்டியைக் கீறி மருந்து வைத்தவர் அவர் வீட்டு ஆண். சவரக் கத்தியோடு வைத்தியமும் அறிந்த அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர் உண்டு. இரத்தத்தையும் சீழையும் தொட்டதால் அவர்கள் தீட்டானார்கள். பின்னாளில் வெள்ளைக் கோட்டு வந்தபோது அதே தொடுகை மதிப்புக்குரியதானது. அந்தக் கோட்டு யாருக்குப் போனது என்பது தெரிந்த கதைதான்.

இன்றைய கணக்குக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். இது பலருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத விதி இன்னொன்று உண்டு. ஒரு தொழிற்படிப்பை முடித்தவர் வேறொரு தொழிற்படிப்புக்குப் போனால் உதவித்தொகை கிடையாது. பி.எட். முடித்துச் சட்டம் படிப்பவரை விதியே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. பி.இ. முடித்து பி.எஸ்சி. நர்சிங் சேர்பவரும் இதே வலையில்தான் விழுவார்.

இருக்கிற பணத்தை முதல் பட்டம் வாங்காதவருக்குக் கொடுப்போம் என்பது இதற்கான வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 17 வயதில், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன ஒருவர், ஊரே பொறியியல் என்றதால் பொறியியல் எடுத்தார். படித்த கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாமே நடக்கவில்லை. அந்தப் பட்டத்தை அவர் அனுபவித்த சலுகையாக எழுதி வைத்துக்கொண்டு இன்று கதவை மூடுகிறது விதி. வசதியான வீட்டுப் பையன் அப்பாவின் சேமிப்பில் தொழில் மாறினால் அதற்கு 'பேஷன்' என்று பெயர் (நம் வீடுகளில் அதே காரியத்துக்குப் பெயர் 'இன்னுமா படிக்கிற?').

சூழல் மாறும்போது தொழில் மாற விடாமல் தடுப்பதால் சாதியே வேலையின்மைக்குக் காரணமாகிறது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அந்தத் தடையை ஒரு நலத்திட்டத்தின் விதியிலேயே பார்ப்பது கசப்பான வேடிக்கை.

உள்ளே நுழைந்த பிறகும் எல்லா ஆண்களும் ஒன்றல்லர். பெண்கள் நிறைந்த தொழில்களில் ஆண்கள் வேகமாக மேலே ஏறுவதை அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992இல் 'கண்ணாடி எஸ்கலேட்டர்' என்றார். கறுப்பின ஆண் செவிலியர்களிடம் பேசிய அடியா ஹார்வி விங்ஃபீல்ட், அவர்களுக்கு அந்த எஸ்கலேட்டர் ஓடவில்லை என்று 2009இல் காட்டினார். வெள்ளை ஆண் செவிலியரை டாக்டர் என்று நினைக்கிற நோயாளிகள், கறுப்பின ஆணைத் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்துக்கொண்டார்கள். தரை துடைப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை எல்லோரும் ஊகித்துவிடுகிற நம் வார்டுகளில் இந்த ஆய்வைச் சாதியை வைத்துச் செய்து பார்க்க வேண்டும்.

எய்ம்ஸ் செவிலியர் நியமனத்தில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 விழுக்காடு என்று 2019இல் முடிவானது. இதை ஆண்களுக்கு அநீதி என்று கொதிப்பவர்களோடு நான் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மாதச் சம்பளமும் சீருடையும் தந்த வெகு சில வேலைகளில் ஒன்று இது. அதைக் காப்பதும் நம் வேலை. ஆண்கள் கேட்க வேண்டியது பெண்களின் இடத்தை அல்ல, படிக்கும் வசதியை.

செவிலியர் பட்டயப் படிப்பில் சேர உச்ச வயது 35. ஒன்றிய அரசின் விதி மாறும்வரை காத்திருந்தால் பலருக்கு அந்த வயது கடந்துவிடும். நலவாழ்வுப் படிப்புகளுக்கு மாறும் பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டதாரிகளுக்கு ஒரு முறை மட்டும் கட்டணத்தை ஏற்கும் திட்டத்தை மாநில அரசு தன் நிதியிலேயே தொடங்கலாம். மாணவர் அமைப்புகள் அடுத்த சேர்க்கைக்கு முன்பே இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும்.